ஹீட் சிங்க் கேள்விகள்: முதுகும் அலுமினியமும் சேரும் இடம்

இம்முறை வந்த கேள்விகளில் பலவும் ஹீட் சிங்க், அதாவது ஐசி (மின்சுற்றுச் சில்லு) போன்றவற்றின் சூட்டை வாங்கி வெளியேற்றும் அலுமினியத் துண்டு பற்றியவை. எவ்வளவு பெரிய அலுமினியம் வாங்குவது என்றுதான் பெரும்பாலானோர் கேட்கிறார்கள். அந்த அலுமினியமும் ஐசியின் முதுகும் (அதன் பின்பக்க உலோகத் தகடு) தொட்டுக்கொள்ளும் இடத்தைப் பற்றி இன்னும் அதிகம் கேளுங்கள் என்பேன். நான் பார்த்த பழுதுகளில் பல அங்கேதான் தொடங்கியிருந்தன.

ஐசிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பூசும் வெள்ளைப் பேஸ்டைத் தாராளமாகத் தடவினால் சூடு நன்றாக இறங்கும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளங்களில் அடைந்திருக்கும் காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அதை வெளியேற்றுவது மட்டுமே பேஸ்டின் வேலை. காற்றைவிடப் பேஸ்ட் பல மடங்கு மேல். ஆனால் அலுமினியம் கடத்துவதில் நூறில் ஒரு பங்கைக்கூடச் சாதாரண வெள்ளைப் பேஸ்ட் கடத்தாது. கனமாகப் பூசினால் சூட்டுக்கு நாமே சுவர் எழுப்பியதாகிவிடும். டிஓ-220 வகை (திருகுத் துளையுள்ள உலோக முதுகு கொண்ட) ஐசிக்கு ஒரு துவரம்பருப்பு அளவு போதும். காய்ந்துபோன பழைய பேஸ்டின் மேலேயே புதியதைத் தடவ வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்துவிட்டுப் பூசுங்கள்.

12 வோல்ட் அடாப்டரிலிருந்து 7805 என்னும் மின்னழுத்தச் சீராக்கி ஐசி மூலம் 5 வோல்ட் எடுக்கிறேன். அரை ஆம்பியர் ஓடுகிறது. சிறிது நேரத்தில் அணைந்து, மறுபடி தானாகவே வருகிறது. ஐசி போலியா?

ஐசியைக் குறை சொல்லாதீர்கள், அது தன்னைக் காத்துக்கொள்கிறது. மிஞ்சும் 7 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கினால் 3.5 வாட். அத்தனையும் சூடாகிறது. ஹீட் சிங்க் இல்லாத 7805, வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி வீதம் சூடேறும். அப்படியானால் 227 டிகிரி. உள்ளே இருக்கும் சில்லோ 125 டிகிரியைத் தாண்டக் கூடாது.

கோடையில் பெட்டிக்குள் 45 டிகிரி என்று வையுங்கள். மீதம் 80 டிகிரி. அதை 3.5 வாட்டால் வகுத்தால், வாட்டுக்குச் சுமார் 23 டிகிரி. ஐசியின் உள்ளிருந்து முதுகு வரை 5, பேஸ்டுக்கு 1 என்று கழித்தால் ஹீட் சிங்கின் பங்கு 17. அது விளிம்பு. வாட்டுக்கு 10 டிகிரி என்று குறிப்பிட்ட ஹீட் சிங்கை வாங்குங்கள், சில்லு 101 டிகிரியில் நிற்கும். அதைவிட நல்ல வழி, 9 வோல்ட் அடாப்டருக்கு மாறுவது. சூடு 2 வாட்டாகக் குறைந்துவிடும்.

7812 (பிளஸ் 12 வோல்ட்), 7912 (மைனஸ் 12 வோல்ட்) சீராக்கிகள் இரண்டையும் ஒரே ஹீட் சிங்கில் முடுக்கினேன். மின்சாரம் கொடுத்தவுடன் ஃபியூஸ் போய்விட்டது. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டுமே நன்றாக இருக்கின்றன.

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு எழுதலாம். ஐசியின் உலோக முதுகு வெறும் தகடு அன்று, அதுவும் ஒரு கால். 7812-இன் முதுகு கிரவுண்ட். 7912-இன் முதுகு உள்ளீடு, அதாவது மைனஸ் மின்னழுத்தம். இரண்டையும் ஒரே அலுமினியத்தில் நேரடியாக வைத்தால் மைனஸ் வழியைக் கிரவுண்டோடு நீங்களே சேர்த்துவிடுகிறீர்கள். எல்எம்317 சீராக்கியின் முதுகு வெளியீடு. ஐஆர்எஃப்540 போன்ற மாஸ்ஃபெட்டுகளில் (ஒருவகை டிரான்சிஸ்டர்) அது டிரெயின் என்னும் கால். பெருக்கியில் போடும் டிடிஏ2030-இல் மைனஸ் சப்ளை. தரவுத்தாளைப் பார்க்காமல் எதையும் முடுக்க வேண்டாம்.

தீர்வு எளியது. முதுகுக்குக் கீழே மின்சாரத்தைக் கடத்தாத மைக்காத் தகடு, அதன் இரு பக்கமும் மெல்லிய பேஸ்ட், திருகு நுழையும் துளையில் பிளாஸ்டிக் புஷ் (மின்காப்பு வளையம்). புஷ்ஷை மறந்தால் மைக்கா இருந்தும் பயனில்லை, திருகு வழியாகவே மின்சாரம் போய்விடும். துளை போட்ட பின் விளிம்பில் நிற்கும் பிசிரைச் சுரண்டியெடுங்கள், அது மைக்காவைக் கிழித்துவிடும். ஹீட் சிங்கின் கறுப்புப் பூச்சு மின்காப்பாகும் என்று நம்பிவிடாதீர்கள், ஒரு கீறலில் அது போய்விடும். கடைசியாக, மின்சாரம் கொடுக்கும் முன், மல்டிமீட்டரைத் தொடர்பிருந்தால் ஒலி எழுப்பும் (கண்டினியூட்டி) நிலையில் வைத்து, அதன் ஒரு முனையை முதுகிலும் இன்னொன்றை அலுமினியத்திலும் வையுங்கள். ஒலி எழக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. 230 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை மின்வழங்கி) போர்டுகளில் உள்ளீட்டுப் பக்கத்து ஹீட் சிங்கிலேயே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கலாம். ஓடும்போது சூடு பார்க்க அதில் விரல் வைக்கவே கூடாது.

ஸ்டெப்பர் மோட்டார் டிரைவர் ஏ4988 மேல் ஒட்டிய சிறிய ஹீட் சிங்க் விழுந்துவிட்டது. உடனடிப் பசையால் ஒட்டலாமா?

வேண்டாம். அது வெப்பம் கடத்துவதற்கான பசை அன்று, சூட்டில் விட்டும் போகும். சில்லின் மேற்பரப்பை ஆல்கஹாலால் துடைத்து, வெப்பம் கடத்தும் இருபக்க டேப்பை ஒட்டி அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அலுமினியம் பக்கத்திலுள்ள ஊசிக் கால்களைத் தொட்டால் டிரைவர் எரிந்துவிடும். இந்தச் சில்லின் சூட்டில் பெரும்பகுதி அடிப்பக்கம் வழியாகப் போர்டின் தாமிரத்துக்குத்தான் இறங்குகிறது. ஆகவே ஒரு சிறிய விசிறி, மேலே ஒட்டும் துண்டைவிட அதிகம் உதவும்.

முதலில் சால்டர் செய்வதா, திருகு முடுக்குவதா?

திருகுதான் முதலில். சால்டர் செய்த பின் முடுக்கினால் ஐசி சற்றே திரும்பும், அந்த இழுவிசை கால்களில் தங்கிவிடும். அதோடு, ஹீட் சிங்கின் எடை மூன்று கால்களில் தொங்கக் கூடாது. வண்டியில் பொருத்தும் பெருக்கிகளில் அதிர்வு பட்டுப்பட்டு, சால்டரைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல் விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹீட் சிங்கையும் போர்டோடு தனியாகப் பிணைத்துவிடுங்கள்.