பூட்டிக் கிடக்கும் வீட்டை வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. அக்கம்பக்கத்து வீடுகளின் விலையில் பாதிக்குத் தருகிறார்கள். சரிசெய்து விற்றால் இரட்டிப்பு லாபம்தானே?

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். சரிசெய்த பிறகு அந்த வீடு என்ன விலைக்குப் போகும்? விளம்பரத்தில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே தெருவில் சமீபத்தில் உண்மையிலேயே கைமாறிய வீடுகளின் விலையை விசாரியுங்கள். அதை 100 என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் அதில் 70-ஐ எடுத்து, பழுதுபார்க்கும் செலவைக் கழித்து, மிச்சத்துக்கு மேல் பேரம் பேசமாட்டார்கள். இது வெறும் கைக்கணக்குதான், ஆனால் பலரைக் காப்பாற்றிய கணக்கு. வேலைக்கு 30 ஆகும் என்றால் நீங்கள் கொடுக்கக்கூடியது 40. உங்களிடம் கேட்பதோ 50.

100-இல் 70-ஐ எடுத்ததும் மிஞ்சிய அந்த 30 (வேலைக்கான 30 வேறு) அப்படியே பைக்குள் வந்துவிடாது. பத்திரச் செலவு, தரகு, கடன் வட்டி, விற்கும்போது லாபத்தின் மேல் விழும் வரி எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். நான்கு மாதம் என்று தொடங்கும் வேலை எட்டு மாதம் இழுப்பது சர்வசாதாரணம். அப்போது வட்டி இரட்டிப்பாகும். நீங்கள் சொல்லும் இரட்டிப்பை நான் அதிகம் பார்த்திருப்பது அந்த இடத்தில்தான்.

கேள்வி: சுவரில் அங்கங்கே விரிசல். "பூசிவிட்டால் தெரியாது" என்கிறார் கொத்தனார்.

தெரியாதுதான், கொஞ்ச நாளைக்கு. பூச்சில் மட்டும் தலைமுடி போல ஓடும், 1 மி.மீ.க்கும் குறைவான கீறல்களுக்குத் தூக்கம் கெட வேண்டாம். ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் இணைப்புகள் வழியே படிக்கட்டு போல இறங்கும் விரிசல் வேறு ரகம். அஸ்திவாரம் ஒரு பக்கம் அமுங்கியிருக்கலாம். அகலம் 5 மி.மீ.யைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போகாமல் விலை பேசாதீர்கள்.

அகலத்தைவிட முக்கியம், அது இன்னும் நகர்கிறதா என்பது. டார்ச் அடித்து விரிசலுக்குள் பாருங்கள். தூசி படிந்து கறுத்து, ஒட்டடை கட்டியிருந்தால் பெரும்பாலும் பழைய கதை. உடைந்த விளிம்பு பளிச்சென்று இருந்தால் இப்போதும் நடக்கிற கதை. அப்படியே பக்கத்துக் கதவையும் மூடிப் பாருங்கள்: மேலே இடைவெளி ஒரு முனையில் அகன்று, மறுமுனையில் ஒட்டிக்கொண்டு நின்றால் சட்டமே சாய்ந்திருக்கிறது.

கேள்வி: கூரையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஒட்டுப்போட்டால் போதாதா?

துரு, தான் உருவான இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறது. துருவை எடுக்காமல் மேலே பூசினால் பூச்சையும் அது தள்ளிவிடும். சின்னச் சுத்தியலால் கூரையின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். 'ணங்' என்றால் கெட்டி. 'டொப்' என்றால் உள்ளே கான்கிரீட் பிடிவிட்டுப் பிரிந்திருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் என்றால் சரிசெய்யலாம். பாதிக் கூரை 'டொப்' என்றால் மனையின் விலையில் இடிக்கும் கூலியைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். விற்பவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கேள்வி: வீடு முழுக்க அழுக்கு, ஒரு அறையின் சுவரில் மட்டும், அதுவும் இடுப்பளவுக்குக் கீழே, புதுப் பெயின்ட். எதையாவது மறைக்கிறார்களோ?

நல்ல கண் உங்களுக்கு. தரையிலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக 1 மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல்விளிம்பில் வெள்ளையாக உப்பு பூக்கும். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ச் சுவரில் கைவைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவராக இருந்தால் சிமென்ட் பூச்சு பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, காரையை அரித்துவிடும். அதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான்.

கேள்வி: எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

பழுதுச் செலவில் 20 சதவீதம். நான் 10 ஒதுக்கி மாட்டிக்கொண்டவன். குளியலறைக்குப் புது டைல்ஸ் போட்டு, நானே மெச்சிக்கொண்டு நின்றேன். மூன்றாவது வாரம் இணைப்புகளில் ஈரம் கசிந்தது. தரைக்கடியில் இருந்த பழைய மண்குழாயை மரவேர் நொறுக்கியிருந்தது. போட்ட டைல்ஸை நானே உடைத்தேன். வாங்குவதற்கு முன்பே குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்திருந்தால் அரைநாள் வேலை. அதிலிருந்து வரிசையை மாற்றுவதில்லை: முதலில் கூரை, பிறகு கழிவுநீர், குழாய், வயரிங். பெயின்டும் டைல்ஸும் கடைசியில்.

கேள்வி: சமையலறைக்கு இறக்குமதி கிரானைட் போட்டால் விலை ஏறுமா?

போட்ட காசு திரும்பாது. அந்தத் தெருவில் இதுவரை போன அதிகபட்ச விலைக்கு மேல் யாரும் உங்கள் கிரானைட்டுக்காகத் தரமாட்டார்கள்.

கேள்வி: நானும் என் மனைவியும் பழைய பெயின்டை நாங்களே சுரண்டினால் கூலி மிச்சமாகுமே?

பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். குழந்தைகளுக்கு ரொம்பவே ஆபத்து. பரிசோதித்துவிட்டுத் தொடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நீங்கள் தொடவே வேண்டாம்.

கேள்வி: நான்கு வாரிசுகள். மூன்று பேர் கையெழுத்துக்குத் தயார். நான்காமவர் பிறகு போடுவாராம். முன்பணம் கொடுக்கலாமா?

அந்த நாலாவது கையெழுத்து வந்த பிறகு கொடுங்கள். அவர் வருகிற வரைக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு கூரையைத் தட்டிப் பாருங்கள்.