வேனுக்கு அடியில் சொட்டுவது எந்த ஆயில்?

கேள்வி: ஐயா, பெங்களூர் அல்சூரில் பூக்கடை வைத்திருக்கிறேன். விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து பூ ஏற்றிவர 2009 மாடல் மாருதி ஆம்னி வேன், பெட்ரோல். இரண்டு மாதமாக ராத்திரி நிறுத்துகிற இடத்தில், முன் சீட்டுக்குச் சற்றுப் பின்னால், கருப்பாக எட்டுப் பத்துச் சொட்டு விழுகிறது. மாதம் அரை லிட்டர் இன்ஜின் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மெக்கானிக், இன்ஜினை இறக்கி ஆயில் சீல் மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் அது கியர்பாக்ஸ் ஆயில் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேருக்கும் சரி சொல்லாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்காமல் எந்த நட்டையும் கழற்ற விடக்கூடாது.

ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் பின்னாலேயே கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங், அதற்கும் பின்னால் கியர்பாக்ஸ். நீங்கள் சொல்கிற இடம் பெல் ஹவுசிங்கின் அடி. அங்கே சொட்டினால் மூன்று இடங்களைச் சந்தேகப்படலாம்: கிராங்க் ஷாஃப்ட்டின் (இன்ஜினுக்குள் சுழலும் பெரிய தண்டு) பின்பக்க ஆயில் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்), கியர்பாக்ஸின் முன்பக்க இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு) சீல், அல்லது இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவரின் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் ரப்பர்). மூன்றாவதைப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை. கவரின் பின்மூலையில் கசிகிற ஆயில் இன்ஜினின் முதுகு வழியாக வழிந்து, பெல் ஹவுசிங்கைச் சுற்றிக்கொண்டு, அதே இடத்தில்தான் சொட்டும். பின்பக்க சீலை இரண்டு முறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்று ஒரு வேன் என்னிடம் வந்தது. சீட்டைத் தூக்கி டேப்பட் கவரின் பின்பக்கம் விரலை விட்டேன். விரல் முழுக்க ஆயில். கேஸ்கெட் பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது. பெங்களூர் டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியில் சீட்டுக்கு அடியில் அடைபடும் சூட்டில் ரப்பர் இப்படித்தான் கெட்டியாகிப் போகிறது.

முதலில் எந்த ஆயில் என்று தெரிந்துகொள்ளுங்கள். தரையில் கிடப்பதைத் தொடாதீர்கள், அதில் தூசியும் அழுக்கும் கலந்திருக்கும். வண்டிக்கு அடியில் தொங்குகிற சொட்டை ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒற்றி, ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். ஓடிய இன்ஜின் ஆயில் என்றால் நடுவில் கரிப்பொட்டு நிற்கும், சுற்றிலும் பழுப்பாகப் பரவியிருக்கும். கியர் ஆயிலில் கரி சேராது. பேப்பர் தேன் நிறத்தில் ஊறியிருக்கும். அப்புறம் முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தகம் சேர்ந்த மருந்து உண்டு, அந்த நாற்றம் ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. விரலில் தேய்த்தாலும் இன்ஜின் ஆயிலைவிடப் பிசுபிசுப்பாக இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் சிவப்பாகச் சொட்டும் என்று கேட்டிருப்பீர்கள். உங்களுடையது கையால் போடும் கியர், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் சக்கரத்தின் உள்பக்கமோ பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பக்கமோ மெல்லிசாக, லேசான மஞ்சளாக ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயில். அப்படி இருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அடுத்தது கழுவல். இதைத்தான் யாரும் செய்வதில்லை, இதில்தான் விஷயமே இருக்கிறது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, டீசலும் பிரஷ்ஷும் வைத்து டேப்பட் கவர், இன்ஜினின் பின்பக்கம், ஆயில் பில்டரைச் சுற்றி, ஆயில் பிரஷர் ஸ்விட்ச், சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), பெல் ஹவுசிங் எல்லாவற்றையும் தேய்த்துத் துடையுங்கள். டீசல் முழுக்கக் காய்ந்தபின் துணியில் கட்டிய முகப் பவுடரை மெல்லிசாகத் தட்டுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் கோடு கிழித்தது போல ஈரம் ஓடியிருக்கும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், எடை கீழே இழுக்கும். அதனால் ஈரம் தெரியும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ அங்கேதான் கசிவு. அடியில் பார்க்க ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். பிட் (வண்டிக்கு அடியில் இறங்கி நின்று பார்க்கும் குழி) இருக்கும் சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

உங்கள் கணக்கில் எனக்கு ஒன்று உதைக்கிறது. ராத்திரிக்குப் பத்துச் சொட்டு என்றால் மாதம் முழுக்கச் சேர்த்தாலும் 15 மில்லிகூட வராது. நீங்கள் ஊற்றுவதோ 500 மில்லி. மீதி ஒன்று ஓடும்போது கசிகிறது, இல்லை உள்ளே எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை குப்பென்று வந்தால் வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். வண்டி நின்றபடி இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். அந்த நிலையில் புது சீல் போட்டாலும் கசியும். அதற்கு முன்னால் பிரீதர் ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் குழாய்) அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தாலும் அழுத்தம் இப்படியே ஏறும், சுத்தம் செய்தால் செலவில்லாமல் தீர்ந்துபோகும்.

டேப்பட் கவர் என்றால் சின்ன வேலைதான், கேஸ்கெட் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். ஒரு வேண்டுகோள்: கேஸ்கெட்டுக்குப் பதிலாக சிலிக்கானை அப்ப விடாதீர்கள். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து சம்ப்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் இன்ஜினே போய்விடும்.

பின்பக்க சீல்தான் என்று உறுதியானாலும் ஆம்னியில் இன்ஜினை இறக்கத் தேவையில்லை. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சையும் அதன் பின்னால் கிராங்க் ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தையும் கழற்றினால் சீல் கைக்கு எட்டும். இதை அந்த மெக்கானிக்கிடம் கேளுங்கள். அப்படி இறக்கும்போது இன்புட் ஷாஃப்ட் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். பட்டிருந்தால் பிளேட்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது. திரும்ப ஏற்றியதும் கியர்பாக்ஸின் பக்கவாட்டு பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள்; வண்டி சமதரையில் நிற்க, ஆயில் அந்த ஓட்டையின் விளிம்பு வரை இருக்க வேண்டும்.

அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், வண்டி கிளம்பும் முன் டிப்ஸ்டிக் கம்பியை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். ஓட்டும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ, சைலன்சர் குழாயில் ஆயில் பட்டுக் கருகிய வாசம் வந்தாலோ, பூ வாடினாலும் பரவாயில்லை, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.