பயிற்சிக்குப் போனவர் அவர், வேலை செய்பவள் நான்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரைப் பகுதியில் உள்ள அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். கடந்த வருடம், கணினியில் வரைபடம் தயாரிப்பது தொடர்பாகக் கொழும்பில் இரண்டு வாரங்கள் நடைபெற்ற பயிற்சிநெறிக்கு எங்கள் அலுவலகத்துக்கு ஒரேயோர் இடம் கிடைத்தது. நானும் விண்ணப்பித்திருந்தேன், ஆனால் சேவையில் என்னைவிட மூன்று வருடம் மூத்தவரான சக உத்தியோகத்தர் ஒருவரே தெரிவுசெய்யப்பட்டார். அதே பயிற்சியில் பங்குபற்றிய, வேறோர் அலுவலகத்தைச் சேர்ந்த என் தோழி சொன்னபடி, அவர் காலையில் வரவு ஏட்டில் கையொப்பமிட்டுவிட்டுத் தேநீர் இடைவேளையோடு புறக்கோட்டைக் கடைகள் பக்கம் போய்விடுவாராம். கடைசி நாளில் சான்றிதழ் வாங்க மட்டும் முன்வரிசையில் இருந்தாராம். மாரி மழை தொடங்குமுன் வெள்ள அபாயமுள்ள கிராமங்களின் வரைபடங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தபோது, "அந்த மென்பொருள் என்ட கொம்பியூட்டர்ல வேலை செய்யுதில்ல" என்று அவர் கைவிரித்ததால், அந்த வேலை என் மேசைக்கு வந்தது. பிள்ளைகள் உறங்கிய பின்னர் யூடியூப்பைப் பார்த்துப் படித்து நானே எல்லாவற்றையும் வரைந்து கொடுத்தேன். அறிக்கையிலோ அவருடைய பெயர் முதலாவதாகவும் என்னுடையது இரண்டாவதாகவும் இருந்தன. மேலதிகாரியிடம் இதை முறையிடலாமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் அந்த வரவு ஏட்டின் பிரதியைப் பெறலாமா? அடுத்த பயிற்சிக்கும் அவரே போய்விடுவாரோ என்று அஞ்சுகிறேன்.
வாசகி, மட்டக்களப்பு

பதில்: அன்பின் சகோதரிக்கு, வரவு ஏட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அரச நிறுவனம் ஒன்றிடம் தகவல் கோரலாம். காரணம் சொல்லவும் தேவையில்லை. ஆனால், அந்தப் பிரதி கைக்கு வந்தால் அதில் என்ன இருக்கும்? நீங்கள் எழுதியிருப்பதன்படியே அவர் ஒவ்வொரு நாளும் கையொப்பமிட்டிருக்கிறார். அவருக்குச் சாதகமான ஆவணத்தை நீங்களே விண்ணப்பம் போட்டு எடுத்துக் கொடுத்தவராவீர்கள். தோழியின் வாய்மொழியை வைத்து முறையிட்டாலோ, விசாரணைக்கு முதலில் அழைக்கப்படுபவர் அந்தத் தோழியாகத்தான் இருப்பார்.

அவருக்காக நான் வாதாட வரவில்லை. இருந்தாலும், என் சேவைக்காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லத்தான் வேண்டும். பல வருடங்களுக்கு முன்னர் நானும் மட்டக்களப்பிலிருந்து இரவு ரயில் ஏறி, இதே போன்றதொரு பயிற்சிக்குக் கொழும்பு போயிருந்தேன். அழைப்புக் கடிதம் மூன்று மொழிகளிலும் இருந்தது. வளவாளர் பேசியது சிங்களத்தில் மட்டுமே. பக்கத்திலிருந்தவர் சிரித்தபோது சிரித்து, அவர் எழுதியபோது நானும் எழுதுவதுபோலப் பாவனை செய்து இரண்டு நாட்களை ஓட்டினேன்; மூன்றாம் நாள் பிற்பகல் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. 2007 ஜூலைக்குப் பின்னர் சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடங்களுக்குள் மற்றைய அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. ஆயினும், பரீட்சைக்காகப் படித்த சிங்களத்தை வைத்துக்கொண்டு, கணினித் திரையைக் காட்டி வேகமாகப் பேசும் ஒருவரைப் பின்தொடர்வது இலேசான காரியமன்று. உங்கள் சக உத்தியோகத்தர் விளங்காமல் வெளியேறினாரா அல்லது துணி வாங்கத்தான் போனாரா என்பதை நீங்களும் அறியீர்கள், நானும் அறியேன். விளங்காமல் போனதென்றால் திரும்பி வந்த அன்றே அதை அவர் அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும். நானும் அன்று சொல்லவில்லை என்பதால் இந்தப் பிழையின் கனம் எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே, கொழும்பில் அவர் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, இங்கே வரைபடத்தை யார் வரைந்தார் என்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள். அதற்குச் சாட்சி தேவையில்லை; கோப்புகள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. அலுவலகத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தெந்தக் கிராமங்களின் வரைபடங்களை எந்தத் திகதிகளில் தயாரித்தீர்கள், இந்த வேலை தொடர்ந்து உங்களிடமே இருக்குமானால் அதைக் கடமைப் பட்டியலில் சேர்த்துத் தர வேண்டும், இதே துறையில் அடுத்து வரும் பயிற்சிக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவையும் எழுதி, பிரதியொன்றை உங்கள் தனிப்பட்ட கோவையில் இடும்படியும் கேளுங்கள். சக உத்தியோகத்தரின் பெயர் அந்தக் கடிதத்தில் எங்கும் வரக் கூடாது. சான்றிதழோடு வந்தவர் ஒருவர் இருக்கையில் பயிற்சி பெறாத ஒருவர் ஏன் வரைந்தார் என்ற கேள்வி, வாசிப்பவருக்குத் தானாகவே எழும். அதை அவரே கேட்கட்டும்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கக்கூடும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் இரவில் எந்தப் பாதை மூழ்கும், எந்தக் கிராமத்து மக்களை எந்தப் பாடசாலைக்கு நகர்த்தலாம் என்பதைக் காட்டும் வரைபடத்தைத் திருத்தத் தெரிந்தவர் அலுவலகத்தில் ஒருவர் மட்டும் இருப்பது ஆபத்து. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டப்பட்டு வெள்ள நீர் வடியும்வரை, உங்களால் அலுவலகத்துக்கு வரவே முடியாத நாட்களும் இருக்கும். ஆகையால் இன்னொருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவரே அந்த இன்னொருவராக இருப்பதுதான் முறை. நீங்கள் பயன்படுத்தியது கியூஜிஐஎஸ் என்றால் அது இலவச மென்பொருள். அவருடைய கணினியில் மீண்டும் நிறுவுவதற்கு ஒரு சதமும் செலவாகாது. நிறுவியபின் அடுத்த கிராமத்தை அவர் வரையட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். இதை ஒரு முறை மட்டும் செய்யுங்கள். அதன் பின்னரும் சாக்குச் சொன்னால், "இந்த வரைபடங்களை எங்கள் இருவருக்கும் பிரித்து, யாருக்கு எது என்று எழுத்தில் தாருங்கள்" என்று தலைவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பதைக் கோள் சொல்வதாக எவரும் கருத முடியாது.

பணியாளர் கூட்டத்தில் இன்னுமொன்றை முன்மொழியலாம். வெளிநாட்டுப் பயிற்சிக்கும் நீண்டகாலப் படிப்புக்கும் அரச சேவையில், திரும்பி வந்து குறித்த காலம் கடமையாற்றுவதாகப் பிணைமுறி எழுதி வாங்குவார்கள். இத்தகைய குறுகிய பயிற்சிகளுக்கோ பெரும்பாலும் சான்றிதழின் பிரதியைக் கொடுப்பதோடு கதை முடிந்துவிடுகிறது. பயிற்சி முடித்து வருபவர் இரண்டு வாரங்களுக்குள் மற்றவர்களுக்கு அரைநாள் கற்பிக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தும்படி கேளுங்கள். அவரைக் குறிவைத்துப் பேசுகிறீர்கள் என்று எவரும் சொல்லாதிருக்க, யூடியூப்பில் படித்ததை முதலில் நீங்களே கற்பிக்க முன்வாருங்கள்.

கேள்வி: ஐயா, தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். முதலாளி பணம் கட்டி என்னைக் கணக்கு மென்பொருள் வகுப்புக்கு அனுப்பினார். பாதி நாட்கள் நான் போகவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எல்லாக் கணக்குகளையும் அதிலேயே பதிய வேண்டும் என்கிறார். எப்படித் தப்புவது?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மேலேயுள்ள கடிதத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிட்ட கடிதம் இது. வேண்டுமென்றே இரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன்.

தப்புவதற்கு என்னிடம் வழி இல்லை, தம்பி. வகுப்பு நடத்தியவரைச் சந்தித்து, விடுபட்ட பாடங்களைச் சனி, ஞாயிறுகளில் உங்கள் சொந்தச் செலவில் படிக்க முடியுமா என்று கேளுங்கள். அவருடைய பதிலோடு முதலாளியிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். ஏசுவார். அந்த ஏச்சு, பிழையான கணக்கொன்று வங்கிவரை போன பின்னர் கிடைக்கும் ஏச்சைவிடச் சிறியது. முதல் இரண்டு மாதங்களுக்குப் பழைய பேரேட்டையும் மென்பொருளையும் ஒருசேர வைத்து, மாத முடிவில் இரண்டு மீதிகளும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் இதே மென்பொருளைத் தானாகப் படித்த தங்கச்சி ஒருவர் இருந்தால் அவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்டுப் படித்த பின்னர், அவருடைய பெயரை முதலாளியிடம் சொல்ல மறந்துவிடவும் வேண்டாம்.