மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒயர் வாங்குங்கள்

கேள்வி: தாத்தா காலத்து மோரிஸ் மைனர் 1000 என்னிடம் ஓடும் நிலையில் இருக்கிறது. 1959 மாடல், 948 சிசி. சமதரையில் நன்றாகப் போகிறது, மேடு ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கிறது. பிளக் ஒயரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஆன்லைனில் சிவப்பு நிறத்தில் 8 மி.மீ. சிலிக்கான் செட் ஒன்று பார்த்தேன். ‘பவர் கூடும்’ என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒயர்கள் பக்கவாட்டில் நுழைகின்றன. – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். கேள்வியின் கடைசி வரியில் நீங்களே பதிலையும் எழுதிவிட்டீர்கள்.

காயிலில் உருவாகும் உயர் வோல்டேஜை, உள்ளே சுற்றும் ரோட்டார் மூலம் ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். லூகாஸ் கம்பெனியின் பழைய பக்கவாட்டு மூடியில் ஒயரைப் பிடித்து வைப்பது கிளிப் அல்ல, கூர்முனை உள்ள ஒரு குட்டித் திருகு. மூடியைக் கவிழ்த்து உள்ளே பார்த்தால் ஒவ்வொரு முனைக்கும் ஒன்று தெரியும். அதை முடுக்கும்போது ஒயரின் மேலுறையைக் குத்திக்கொண்டு போய் நடுவில் இருக்கும் செம்புக் கம்பிகளைத் தொடும். நீங்கள் பார்த்த செட்டின் உள்ளே பெரும்பாலும் செம்பு இருக்காது, கரி ஏற்றிய நூல் இருக்கும். திருகு அதைக் குத்தினால் பிடிமானம் கிடைக்காது. கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் குத்திய இடத்திலேயே நூல் கருகி, மறுபடி மிஸ் அடிக்கும். போதாததற்கு, அந்தத் துளைகள் 7 மி.மீ. ஒயருக்காகச் செய்தவை. 8 மி.மீ. ஒயரைத் திணிக்க வேண்டியிருக்கும், அடிவரை போய்ச் சேராது.

பவர் கூடும் என்பதையும் நம்பாதீர்கள். தடிமன் என்பது மேலுறையின் கனம்தான். உங்கள் பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். அதைத் தாண்ட எவ்வளவு வோல்டேஜ் வேண்டுமோ அவ்வளவுதான் காயிலிலிருந்து ஏறும். நல்ல 7 மி.மீ. ஒயருக்கு அது பெரிய சுமையே இல்லை. சிலிக்கானின் உண்மையான பலம் சூடு தாங்குவது. ஆனால் இந்த இன்ஜினில் பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரு பக்கம், புகை வெளியேறும், கொதிக்கும் மேனிஃபோல்டு குழாய் மறு பக்கம். ஒயர் சூட்டின் பக்கமே போவதில்லை. சிலிக்கான் உறை மெத்தென்று இருப்பதால் தகரத்தின் கூர் விளிம்பு பட்டால் சுலபமாகக் கிழிந்தும் போகும்.

நீங்கள் வாங்க வேண்டியது 7 மி.மீ., செம்பு உள்கம்பி, கறுப்பு உறை உள்ள ஹெச்.டி. (ஹை டென்ஷன், அதாவது உயர் வோல்டேஜ்) கேபிள். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, உங்கள் ஊரிலும் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் சாமான் விற்கும் பழைய கடை எதிலாவது கிடைக்கும். மூன்று மீட்டர் வாங்கினால் தாராளம். வாங்கும்போது ரோலின் நுனியைப் புதிதாக வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் செம்பு மின்ன வேண்டும், அல்லது ஈயம் பூசிய கம்பி வெள்ளையாகத் தெரிய வேண்டும். கறுப்பாக நூல் தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. இரவில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து பாருங்கள். பூவுக்குத் தெளிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனி போலத் தெளியுங்கள், கையை மட்டும் தள்ளி வையுங்கள். உறை செத்திருந்தால் நீலமாகப் பொறி ஓடும். மேட்டில் மட்டும் மிஸ் அடிப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. அது பிளக் வழியாகப் போவதற்குப் பதிலாக உறையின் பலவீனமான இடம் வழியாகத் தப்பிவிடும். பொறி எதுவும் தெரியவில்லை என்றால், ஒயருக்கு முன்னால் ரோட்டாரையும் மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். மூடியில் பென்சில் கோடு போல ஒரு கறுப்புக் கீறல் இருந்தால் குற்றவாளி அதுதான்.

மாட்டும் விதம்: எல்லா ஒயரையும் ஒன்றாகப் பிடுங்கிவிடாதீர்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பழைய ஒயர் போகும் பாதையை நூல் வைத்து அளந்து அதே நீளத்துக்கு வெட்டுங்கள். மூடிக்குள் போகும் நுனியின் உறையைச் சீவக் கூடாது. நேராக வெட்டி, அடிவரை தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு திருகை முடுக்க வேண்டும். காயிலிலிருந்து வரும் நடு ஒயருக்கு மட்டும் திருகு கண்ணில் படாது. மூடியின் மையத்தில் இருக்கும் கரி பிரஷ்ஷை ஸ்பிரிங்கோடு மெதுவாக இழுத்து எடுத்தால் அடியில் ஒளிந்திருக்கும். பல மெக்கானிக்குகள் இது தெரியாமல் ஒயரை முரட்டுத்தனமாக இழுத்தே மூடியை உடைத்திருக்கிறார்கள்.

அதே ஒயரின் காயில் பக்க நுனியில் வேலை தலைகீழ். அங்கே உறையைக் கால் அங்குலம் சீவ வேண்டும். முதலில் பேக்கலைட் நட், அப்புறம் பித்தளை வாஷர் என்று ஒயரில் கோத்து, செம்பு இழைகளைப் பூ விரிகிற மாதிரி வாஷர் மேல் மடக்கிவிட்டு நட்டை முடுக்குங்கள். வெளியே துருத்தும் ஒரு இழைகூட இருக்கக் கூடாது.

ஒயர் மாறிப் போனால் பதற வேண்டாம். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-4-2, மேலிருந்து பார்க்கும்போது ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். கடைசியாக மல்டிமீட்டரை எடுத்து, மூடிக்குள் இருக்கும் பித்தளை முனையிலிருந்து ஒயரின் மறு நுனி வரை அளந்து பாருங்கள். செம்பு என்பதால் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டும். காட்டவில்லையா, திருகு கம்பியைத் தொடவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: செம்பு ஒயர் போட்டதிலிருந்து கார் ரேடியோவில் கரகரப்பு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் மாட்யூல் வைக்கும் யோசனையும் இருக்கிறது. – திருச்சி வாசகர்

பதில்: கரகரப்புக்கு மருந்து ரெசிஸ்டர். பிரிட்டனில் அந்தக் காலத்தில் வீதியில் கார் போனால் வீட்டு டிவி திரையில் வெள்ளைப் புள்ளிகள் பறக்கும். அதற்காகவே 1952இல் இக்னிஷன் இரைச்சலைக் கட்டுப்படுத்த விதி கொண்டுவந்தார்கள். கரி நூல் ஒயர் பரவியதும் இந்தத் தொல்லையால்தான், வேகத்துக்காக அல்ல. நீங்கள் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கேப் போடலாம். அல்லது என்.ஜி.கே. பி.பி.6 இ.எஸ். பிளக்குக்குப் பதில் பி.பி.ஆர்.6 இ.எஸ். போடலாம். நடுவில் வரும் அந்த ‘ஆர்’தான் ரெசிஸ்டர். ஏதாவது ஒன்று போதும்.

மாட்யூல் வைப்பதானால் கதை வேறு. வெறும் செம்பு ஒயரின் இரைச்சல் அந்த எலெக்ட்ரானிக்ஸைக் குழப்பும், அதனால் தயாரிப்பாளர்கள் பொதுவாக அதைக் கூடாது என்கிறார்கள். அப்போது கரி நூல் ஒயர் வேண்டும், அதற்கு ஒயரை அழுத்திச் செருகும் வகை மூடி வேண்டும். அதாவது மூடியையும் ஒயரையும் சேர்த்தே வாங்கும் செலவு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டி என்றால் பாயின்ட்டே இருக்கட்டும் என்பேன்.

கேள்வி: 1960களின் மினி வைத்திருக்கிறேன். பெருமழையில் மோட்டார்வேயில் போனால் நின்றுவிடுகிறது. ஒயர் புதிது. – லண்டன் ஹாரோ வாசகர்

பதில்: ஒயர் மேல் தப்பில்லை. மோரிஸ் மைனரில் இருக்கும் அதே ஏ-சீரிஸ் இன்ஜினைத்தான் மினியில் குறுக்கே திருப்பி வைத்தார்கள், டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் வந்து மாட்டிக்கொண்டது. 1959இல் வண்டி வந்த நாளிலிருந்து இந்தப் புகார் உண்டு. முன்னால் ஒரு தடுப்புத் தகடும், ஒயர்கள் நுழையும் இடத்தில் ரப்பர் உறைகளும் போடுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, விரலுக்கு ஓர் ஒயராக ஐந்தையும் நுழைத்து, மூடியின் மேல் கவிழ்த்து ஓட்டியவர்கள் உங்கள் ஊரில் நிறையப் பேர். பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை செய்யும்.

கேள்வி: பில்லோடு வாங்கிய ஒயர் செட்டில் ஒன்று முதல் நாளே வேலை செய்யவில்லை. ‘எலெக்ட்ரிக் சாமான் ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார் கடைக்காரர். – மதுரை வாசகர்

பதில்: பழுதான பொருளுக்கு அந்தப் பேச்சு செல்லாது. பில்லில் கெடு குறிப்பிடவில்லை என்றால், 30 நாளுக்குள் பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. மீட்டரில் அந்த ஒயர் மட்டும் தொடர்பே காட்டாததை வீடியோ எடுத்து, பில்லோடு போய்க் காட்டுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் போட்டுப் புகார் பதியுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒயரை வெட்டிச் சுருக்கியிருந்தால் கடைக்காரர் பழியை உங்கள் மேல் திருப்பிவிடுவார். அதனால் அடுத்த முறை கத்தியை எடுப்பதற்கு முன்பே மீட்டரை வையுங்கள்.