வியூவர்ஸ் அரை நிமிடத்தில் போய்விடுகிறார்களா? ஸ்கிரிப்டின் வரிசையை மாற்றுங்கள்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சள் விவசாயம் செய்கிறோம். மஞ்சள் வேகவைப்பது பற்றி யூடியூபில் பதினொரு நிமிட வீடியோ போட்டேன். அரை நிமிடம் தாண்டுவதற்குள் பாதிப் பேருக்கு மேல் போய்விடுகிறார்கள். எழுதி வைத்துப் படித்தால் பாடம் ஒப்பிப்பது மாதிரி இருக்கிறது. எழுதாமல் பேசினால் பேச்சு எங்கெங்கோ போகிறது. ஸ்கிரிப்ட் எப்படித்தான் எழுதுவது?

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டைப் படித்தேன். விஷயத்தில் குறையே இல்லை. வரிசையில்தான் சிக்கல். வணக்கம், தோட்டத்து அறிமுகம், மஞ்சளின் பெருமை, ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அப்புறம் வெட்டு, கழுவல், கொப்பரை என்று வேலை நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வருபவர் மனதில் இருப்பதோ ஒரே கேள்வி: மஞ்சள் வெந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தலைப்பில் அதைப் போட்டுவிட்டு, பதிலை ஏழாவது நிமிடத்தில் வைத்திருக்கிறீர்கள். அதுவரை அவர் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்?

அந்தக் கேள்வியை ஒரு தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியிலேயே அதைத் தொட்டுவிட வேண்டும். சொல்லால் மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. உங்கள் தொடக்கத்தை நான் இப்படி எழுதுவேன்:

"ஏனுங்க, இந்த ரெண்டு மஞ்சளையும் பாருங்க. ஒரே தோட்டத்துல வெட்டுனது, ஒரே கொப்பரையில கெடந்தது. இதுல குச்சி சுளுவா இறங்குது. இதுல இறங்கவே மாட்டேங்குது. ரெண்டையும் இப்படியே காயப் போட்டு, கடைசியில உடைச்சுக் காட்டறேன்; வித்தியாசம் உங்களுக்கே தெரியும்."

பேசிப் பார்த்தால் இருபது விநாடிக்குள் முடிந்துவிடும். கேள்வி கேட்டாயிற்று, சோதனையைக் காட்டியாயிற்று, கடைசியில் ஒன்று பாக்கி இருக்கிறது என்றும் சொல்லியாயிற்று. அந்தப் பாக்கியைக் கட்டாயம் தீர்த்துவிட வேண்டும். வேகாதது காய்ந்தபின் நொறுங்கும். சரியாக வெந்து காய்ந்த மஞ்சள் உடைக்கும்போது கணீரென்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தை மைக்கில் நன்றாகப் பிடியுங்கள். உங்கள் வீடியோவுக்கு அதைவிட நல்ல முடிவு கிடையாது. புவிசார் குறியீடு, அறிமுகம் எல்லாம்? என்னைக் கேட்டால் எடுத்துவிடலாம். உங்கள் பெயரைத் திரையில் எழுத்தாகப் போட்டால் போதும்.

நடுப்பகுதிக்கு வருவோம். அங்கே நீங்கள் விதியை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்துக்குப் போகிறீர்கள். "விரலியையும் கிழங்கையும் தனித்தனியா வேகவைக்கோணும்" என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால், கேட்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். (விரலி என்பது விரல் மாதிரிக் கிளைத்த மஞ்சள்; கிழங்கு என்பது அது கிளைத்த பருத்த தாய்க்கிழங்கு.) முதலில் சிக்கலைக் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்ட கொப்பரையிலிருந்து ஒரு விரலியை எடுத்துக் குத்துங்கள், குச்சி இறங்கும். ஒரு கிழங்கை எடுத்துக் குத்துங்கள், இறங்காது. "கிழங்கு வேகற வரைக்கும் விட்டா விரலி குழைஞ்சு நெறம் போயிரும். என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு விதியைச் சொல்லுங்கள். இப்போது அது அவருக்கும் வேண்டிய பதில். வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்துவிட வேண்டும் என்பதையும் இதே மாதிரி கொண்டுவரலாம். ஒரு சிக்கல் தீரும்போது அடுத்தது எட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணி அறுகிற இடத்தில்தான் ஆள் கழன்றுகொள்வார்.

எழுதும்போது தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் நீங்கள் பேசுவது. ஆவி வருவது திரையில் தெரிகிறது என்றால், "பாருங்க, ஆவி வருது" என்ற வரியை அடித்துவிடுங்கள். கேமராவுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள்: "நுரை கட்டி வெள்ளையா ஆவி வர்றப்ப மஞ்ச வாசம் கம்முனு தூக்கும். அந்த வாசம் வந்தாச்சுன்னா குச்சிய எடுத்துக்கோங்க." இடப்பக்கம் தொடர்ந்து காலியாக இருந்தால், அங்கே உங்கள் முகம் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று அதற்கு ஒரு ஷாட் எடுங்கள், இல்லாவிட்டால் பேச்சைக் குறையுங்கள்.

ஒப்பிப்பது மாதிரி இருக்கிறது என்றீர்களே, அதற்குக் காரணம் நீங்கள் பேசுகிற தமிழில் எழுதவில்லை. மஞ்சள் போடாத ஒரு சொந்தக்காரரைக் கூப்பிட்டு வைத்து, அவருக்குச் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். அவர் குறுக்கே கேட்கிற கேள்விகளையும் விடாதீர்கள். வியூவர்ஸ் கேட்க நினைப்பதும் அவைதான். அதைக் கேட்டு எழுதி, பிறகு வெட்டுங்கள். கொங்குப் பேச்சு அப்படியே இருக்கட்டும். வெளியூர்க்காரருக்குப் புரியாத சொல் வரும்போது அந்தப் பொருளைக் காட்டிவிடுங்கள், போதும். முதல் அரை நிமிடத்தையும் கடைசி அரை நிமிடத்தையும் மட்டும் வார்த்தைக்கு வார்த்தை எழுதி மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் குறிப்பு போதும், கை வேலை செய்ய வாய் தானாகப் பேசும்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. எட்டு நிமிடம் இருந்தால்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும் என்பதால் பலர் இழுக்கிறார்கள். உங்கள் விஷயம் ஆறு நிமிடம்தான் தாங்கும் என்றால் ஆறோடு நிறுத்துங்கள். இழுத்த இடம் யூடியூப் ஸ்டூடியோ ஆப்பில் உள்ள ரிடென்ஷன் கிராஃபில், அதாவது வீடியோவின் எந்த இடத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோட்டில், பள்ளமாகவே தெரியும்.

அந்தக் கிராஃபைப் படிக்கவும் பழகுங்கள். கோடு மெல்ல இறங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான், பயப்பட வேண்டாம். முதல் 30 விநாடியில் செங்குத்தாக விழுந்தால் தலைப்புக்கும் தொடக்கத்துக்கும் ஒட்டவில்லை. நடுவில் பள்ளம் என்றால் அந்த நிமிடத்தின் வரிகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பீர்கள். மேடு என்றால் அந்த இடத்தைத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள், அல்லது அதற்காகவே தள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள். குச்சி குத்துகிற இடத்தில் மேடு இருந்தால், அடுத்த வீடியோவை அங்கிருந்தே தொடங்கலாம்.

கடைசியாக, முடிவு. "சரிங்க, இதுவரைக்கும் பார்த்ததுக்கு நன்றி" என்று தொடங்கியதுமே பாதிப் பேர் மூடிவிடுவார்கள். மஞ்சள் உடைகிற சத்தத்துக்குப் பிறகு அந்த வரியே வேண்டாம். அடுத்த வீடியோவைக் காட்டும் எண்ட் ஸ்கிரீனைக் கடைசி 5 முதல் 20 விநாடி வரை வைக்கலாம். அதற்கும் வசனம் எழுதுங்கள்: "வேக்காடு சரியா இருந்தும் களத்துல ராத்திரி மூடாம விட்டு மஞ்சளக் கெடுத்துக்கறாங்க. காயப் போடறது எப்படின்னு இந்த வீடியோவுல இருக்குது." சொல்லும்போது உங்கள் கை அந்தக் கட்டம் வரும் பக்கமாக நீண்டிருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதைத் தாளின் இடப்பக்கத்தில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.