சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் காது நரம்பைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன், அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பல பேர் பல விதமாகக் கேட்டிருந்ததால் சேர்த்தும் சுருக்கியும் போட்டிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. இந்த ஆராய்ச்சிகளை விடாமல் படித்துக்கொண்டிருப்பவன், இடது காது பாதி போனவன், அவ்வளவுதான்.

கேள்வி: வயது 44. நாலு பேர் சேர்ந்து பேசினால் எனக்கு ஒன்றுமே பிடிபடுவதில்லை. டெஸ்ட் எடுத்தால் "காது நார்மல்" என்கிறார்கள். வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருக்கிறேன் என்று வீட்டில் சண்டை. யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதும் பொய் இல்லை, அந்த ரிப்போர்ட்டும் பொய் இல்லை. சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, "பீப் கேட்டால் பட்டனை அழுத்துங்கள்" என்பார்களே, அந்த ஆடியோகிராம் அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: முழு நிசப்தத்தில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை உங்களுக்குக் கேட்கிறது என்பதை. நாலு பேர் பேச்சிலிருந்து ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுக்க உங்களால் முடிகிறதா என்று அது சோதிப்பதே இல்லை.

உட்செவியில் பட்டாணி அளவில், நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்று சுருண்டு கிடப்பது காக்ளியா. அதற்குள் ஒலியின் அதிர்வை வாங்குகிற சுமார் 15,000 மயிர்ச்செல்கள். அவற்றில் மூளைக்குச் செய்தி அனுப்புவது உள்வரிசையில் இருக்கிற 3,500 செல்கள்தான், மற்றவை ஒலியைப் பெருக்கிக் கொடுப்பதோடு சரி. உள்வரிசைச் செல் ஒவ்வொன்றிலும் பத்து, இருபது என்று நரம்பு இழைகள் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒட்டு இருக்கிற இடத்தைத்தான் சினாப்ஸ் என்கிறார்கள். சத்தம் முதலில் மயிர்ச்செல்லைக் கொல்லும், நரம்பு அப்புறம்தான் போகும் என்றுதான் ரொம்ப காலம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2009-ல் பாஸ்டனில் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளை 100 டெசிபல் சத்தத்தில் இரண்டே மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். மந்தமான காது சில நாளில் பழையபடி ஆகிவிட்டது, மயிர்ச்செல்களும் அப்படியே இருந்தன, டெஸ்ட் எடுத்தால் நார்மல். ஆனால் காக்ளியாவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது உயர் சுருதியைக் கேட்கிற பகுதியில் ஏறக்குறைய பாதி சினாப்ஸ்கள் போயிருந்தன. அவை திரும்பி வரவும் இல்லை, ஒட்டு விட்டுப்போன நரம்பு இழைகளும் அடுத்தடுத்த மாதங்களில் மெல்ல மெல்லச் செத்தன.

அப்படியிருந்தும் டெஸ்டில் ஏன் தெரியவில்லை? மெல்லிய ஒலிக்கே துள்ளி எழுகிற இழைகள் ஒரு ரகம், ஒலி பலமானால்தான் வேலை செய்கிற இழைகள் இன்னொரு ரகம். முதலில் அறுந்துபோவது பெரும்பாலும் இரண்டாவது ரகம். நிசப்தத்தில் ஒரு பீப்பைப் பிடிக்க முதல் ரகத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலே போதும், கூட்டத்தில் பேச்சைப் பிரிக்கத்தான் இரண்டாவது ரகம் வேண்டியிருக்கிறது. நரம்பில் பெரும்பகுதி போன பிறகும் கேட்கும் அளவு அப்படியே இருக்கும் என்பதை 1950-களிலேயே பூனைகளில் பார்த்துவிட்டார்கள், அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கு 'மறைந்த செவித்திறன் குறைபாடு' என்று பெயர். உங்களுக்கு இருப்பது அதுதானா என்று நான் சொல்ல மாட்டேன், எலியில் தெளிவாகத் தெரிகிற இது மனிதர்களில் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் தகராறு தீரவில்லை. ஆனால் அடுத்த முறை போகும்போது 'பீப்' டெஸ்டோடு நிறுத்தாமல், பின்னணி இரைச்சலோடு பேச்சைக் கேட்க வைக்கிற டெஸ்ட்டையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டை வீட்டில் காட்டலாம்.

கேள்வி: நரம்பு செத்தால் செத்ததுதான், மருந்தே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உலகத்தில் எங்கேயும் வழி இல்லையா?

கோழிக்குஞ்சுக்கு வழி இருக்கிறது. கேலி பண்ணவில்லை, 1980-களின் கடைசியில் கண்டுபிடித்தது இது: பலமான சத்தத்தால் குஞ்சின் காதில் மயிர்ச்செல்கள் அழிந்தாலும் பக்கத்தில் துணைக்கு நிற்கிற செல்கள் பிரிந்து பெருகிப் புதிய மயிர்ச்செல்களைக் கொடுத்துவிடுகின்றன, சில வாரத்தில் குஞ்சுக்கு மறுபடி கேட்கிறது. மீனுக்கும் அப்படித்தான். பாலூட்டிகளான நமக்கு மட்டும் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. அதைத் திறக்கிற சாவியைத் தேடித்தான் இத்தனை வருட ஓட்டம். எஃப்எக்ஸ்-322 என்று ஒரு மருந்து, செவிப்பறை வழியாக ஊசியில் செலுத்துவது, ஆரம்பத்தில் பெரிய நம்பிக்கை கொடுத்தது. 2023 பிப்ரவரியில் முடிவு வந்தபோது வெறும் போலி ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட மருந்து போட்டுக்கொண்டவர்களுக்குப் பேச்சு ஒன்றும் கூடுதலாகப் புரியவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்கே மனசு விட்டுப்போயிற்று.

வெற்றி வேறு பக்கம் வந்தது. ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு மயிர்ச்செல் உயிரோடு இருக்கும், நரம்பும் நன்றாக இருக்கும், நடுவில் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கத்தான் ஆள் இருக்காது. அந்தப் புரதத்தைச் செய்கிற மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றிக் காதுக்குள் அனுப்புவதுதான் சிகிச்சை. அந்த மரபணு, அதைச் சுமந்து போகிற வைரஸுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிசு என்பதால் இரண்டு துண்டாக்கி இரண்டு வைரஸில் ஏற்றி, உள்ளே போனபின் ஒன்றுசேர வைத்தார்கள். ஷாங்காயில் ஆறு குழந்தைகளுக்கு ஒரு காதில் மட்டும் இதைச் செய்ததில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது, 2024 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் இது பிறவியில் வருகிற ஒரு குறிப்பிட்ட குறைக்கு மட்டும்தான். வயதாலோ சத்தத்தாலோ போன காதுக்கு இதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து மயிர்ச்செல்லைக் கொல்லும். பரவாத கட்டிகளுக்காக அதை எடுத்துக்கொள்கிற குழந்தைகளின் காதைக் காக்க, சோடியம் தயோசல்பேட்டை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-ல் அனுமதித்தது. போனதைத் திருப்பித் தராது, போகாமல் தடுக்கும்.

நரம்பு செத்தது என்று உங்களிடம் சொன்னார்களே, அது உண்மையில் நரம்பா மயிர்ச்செல்லா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேச்சுவழக்கில் இரண்டையும் 'நரம்பு' என்றே சொல்லிவிடுகிறார்கள். மயிர்ச்செல் மட்டும் போய் நரம்பு மிஞ்சியிருந்தால் காக்ளியாவுக்குள் மின்முனை வைக்கிற காக்ளியர் இம்ப்ளாண்ட் வேலை செய்யும், ஏனென்றால் அது செல்லைத் தாண்டி நேரே நரம்பைத் தூண்டுகிறது. நரம்பே இல்லை என்றால் அது உதவாது. அப்படிப்பட்டவர்களுக்கு மூளைத்தண்டிலேயே மின்முனை வைக்கிற முறை 1979-லிருந்து இருக்கிறது, அதில் தெளிவு குறைவு.

கேள்வி: காது நரம்புக்குச் சொட்டு மருந்து விட்டால் பலன் உண்டா?

இல்லை. சொட்டு மருந்து செவிப்பறையோடு நின்றுவிடும், நரம்பு அதற்கு ரொம்ப உள்ளே.

கேள்வி: காலையில் எழுந்ததிலிருந்து ஒரு காது அடைத்த மாதிரி இருக்கிறது, வலி இல்லை. இரண்டு நாள் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். கடிதம் என் கைக்கு வருவதற்குள்ளேயே நீங்கள் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கேள்வியில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஆறு வருடம் முன்னால் ஒருநாள் போனை வழக்கம்போல இடது காதில் வைத்தேன், மறுமுனையில் ஆளே இல்லை. வலது காதுக்கு மாற்றினால் ஆள் பேசிக்கொண்டிருக்கிறார். காதுக் குறும்பி அடைத்திருக்கிறது என்று சொன்னார்கள், நானும் பத்து நாள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். குறும்பி இல்லை. மூன்று நாளுக்குள் திடீரென்று விழுகிற உட்செவிக் குறைபாடு அது. ஸ்டீராய்டு கொடுப்பதாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சிலருக்குத் தானாகவே திரும்பிவிடும், எனக்குப் பாதிதான் திரும்பியது.

வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்..." என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் குறும்பியோ சளியோதான். நல்ல காதில் பலமாகக் கேட்டால் பிரச்சினை உட்செவியில் இருக்கலாம், அன்றைக்கே ஈ.என்.டி. மருத்துவரிடம் போக வேண்டும். முனகல் எப்படிக் கேட்டாலும் காட்டிவிடுவதுதான் சரி. நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் பயப்படாதீர்கள், வழக்கமாக எடுப்பதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு 74. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம், ஒரு வாரத்தில் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். கேட்காவிட்டால் மறதி நோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரை 977 பேரை வைத்து மூன்று வருடம் சோதித்து, 2023-ல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் கருவி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நினைவாற்றலில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே இதய நோய் ஆபத்தும் வயதும் கூடுதலாக இருந்த பிரிவினரில் கருவி போட்டவர்களுக்கு அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. அதனால் வரும் என்று பயமுறுத்தவும் வேண்டாம், சும்மா கதை என்று தள்ளவும் வேண்டாம்.

அப்பா ஏன் கழற்றினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வயதானால் மேல் சுருதிதான் முதலில் போகும், உயிரெழுத்தின் கனம் கேட்கும், 'பல்'லா 'கல்'லா என்கிற முதல் மெய்தான் நழுவும். கருவி ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும், அறுந்த நரம்பு இழையை ஒட்டிக் கொடுக்காது. அதோடு பல வருடம் அமைதிக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று தட்டு, ஃபேன், செய்தித்தாள் சத்தமெல்லாம் இடி மாதிரி வரும். பழக வாரக்கணக்கில் ஆகும். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், ஒரே ஒருவரோடு பேச மட்டும் போடச் சொல்லுங்கள். அமைப்பை மாற்றித் தர இரண்டு மூன்று முறையாவது திரும்ப அழைத்துப் போங்கள், ஒரே தடவையில் சரியாக அமைவது அபூர்வம். அப்புறம் அடுத்த அறையிலிருந்து கத்துவதை நிறுத்துங்கள், முகத்தைப் பார்த்துப் பேசினாலே பாதி புரியும்.

கேள்வி: காதுக்குள் 'ங்ங்ங்' என்று ஓயாத இரைச்சல். காதைப் பிடுங்கிப் போடலாம் போலிருக்கிறது.

பிடுங்கினாலும் நிற்காது. செவி நரம்பை வெட்டிய பிறகும் இரைச்சல் தொடர்ந்தவர்கள் உண்டு, அதனால்தான் சத்தம் பிறப்பது காதில் இல்லை, மூளையில் என்று சொல்கிறார்கள். நரம்பிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்தால் மூளை தன் வால்யூமைத் தானே கூட்டிக்கொள்கிறது, வானொலியில் நிலையம் கிடைக்காதபோது வருகிற இரைச்சல் மாதிரி. இதை நிறுத்துகிற மாத்திரை இதுவரை இல்லை, ஆனால் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது அதைப் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற பேச்சு சிகிச்சை, அதன் தொந்தரவைக் குறைக்கிறது, காது மந்தமும் இருந்தால் கருவி போட்டாலே பலருக்குத் தணிகிறது. ஒரு காதில் மட்டும் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று வந்தாலோ உடனே காட்டுங்கள்.

கேள்வி: கண் தானம் மாதிரி, ஆராய்ச்சிக்குக் காதைக் கொடுக்க முடியுமா?

முடியும். உயிரோடு இருப்பவரின் காக்ளியாவைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வழியில்லை, அதைச் சுற்றி இருப்பது உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்பு, தொட்டால் மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் போய்விடும். அதனால் இறந்தபின் தானமாக வந்த பொட்டெலும்பை மெல்லிய சீவல்களாக அறுத்துத்தான் பார்க்கிறார்கள். 50 வயது தாண்டியவர்களில் மயிர்ச்செல்கள் மிஞ்சியிருக்க, அவற்றிலிருந்து நரம்பு இழைகள் பாதிக்கு மேல் விட்டுப்போயிருந்ததைக் கண்டதும் அப்படிப்பட்ட எலும்புகளில்தான். எல்லா நாட்டிலும் இந்த ஏற்பாடு இல்லை, உங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விசாரியுங்கள். கொடுப்பதாக முடிவு செய்தால் பழைய ஆடியோகிராம்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எலும்பில் பார்ப்பதை உயிரோடு இருந்தபோது கேட்ட அளவோடு ஒப்பிட அவர்களுக்கு அந்தக் காகிதம் வேண்டும்.