கத்தியின் அலகை வீட்டிலேயே கண்ணாடி போல் மெருகேற்ற முடியுமா? பஃபிங் இயந்திரம் தேவையா?

பட்டறையில் அடித்து வாங்கிய சமையல் கத்தியின் அலகை முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்ற வேண்டும், அதற்குச் சுழலும் துணிச்சக்கரம் கொண்ட பஃபிங் இயந்திரம் வாங்கத்தான் வேண்டுமா, கையில் வெட்டுப்படாமல் செய்ய வழி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இயந்திரம் இல்லாமலே முடியும். கத்தியை அசையாமல் இறுக்கிவிட்டுக் கையை மட்டும் அசைத்தால் வெட்டுப்படும் வாய்ப்பும் மிகவும் குறைந்துவிடும். சமையல் கத்திகளையும் அரிவாள்மணைகளையும் நெடுநாளாகக் கையாலேயே மெருகேற்றி வருகிறேன். நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் கத்தியின் கூர்மையை மழுக்கிவிடுங்கள். இப்படிச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். ஆனால் மெருகு முதலில், சாணை கடைசியில் என்ற வரிசைதான் இந்த வேலையின் பாதுகாப்பில் பாதி. மெல்லிய சாணைக்கல்லின் மேல் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, செங்குத்தாக நிறுத்தி, அழுத்தாமல் சில முறை இழுத்தால், தாளைக்கூட வெட்டாத நிலைக்கு அது வந்துவிடும். அதன்மேல் பெயிண்ட் வேலைக்குப் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டி, வாயும் முனையும் முழுவதும் மறையும்படி செய்யுங்கள். டேப் மறைத்த மெல்லிய பட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைசியில் சாணை பிடிக்கும்போது அதில் பெரும்பகுதி சாணையின் முகமாகவே மாறிவிடும்.

அடுத்தது கத்தியை நிலைநிறுத்துவது. அலகைவிட நீளமும் அகலமும் கூடிய, இழைத்த பலகை ஒன்றை மேசையோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளுங்கள். பிடி பலகைக்கு வெளியே தொங்க, அலகு மட்டும் பலகையின்மேல் படுத்திருக்க வேண்டும். வாயும் முனையும் பலகையின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிடியை ஒட்டிய இடத்தில் ஒரு தோல் துண்டை வைத்து சி-கிளாம்பால் (சி எழுத்து வடிவத் திருகு இறுக்கியால்) இறுக்குங்கள். கிளாம்ப் மறைத்த இடத்தைப் பிறகு கிளாம்பை முனைப்பக்கம் மாற்றித் தேய்த்துக்கொள்ளலாம். ஒரு கையில் கத்தியையும் மறு கையில் உப்புத்தாளையும் பிடித்துக்கொண்டு தேய்த்தால் எளிதில் வெட்டுப்படும். ஈரமும் சோப்பும் சேர்ந்த அலகு எந்த நேரத்தில் வழுக்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் கத்தி பட்டறையில் அடித்தது என்பதால் அதன்மேல் கறுப்பாக ஒரு படலம் இருக்கும். உலையில் காய்ந்தபோது உருவான இரும்பு ஆக்சைடு அது. கடினமானது, தாளை விரைவில் மழுங்கடித்துவிடும். பிடியில் படாமல் அலகை மட்டும் வினிகரில் ஓர் இரவு ஊற வைத்தால் படலம் இளகிவிடும். காலையில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் ஒருமுறை முக்கி எடுத்து, உடனே துடைத்துவிடுங்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டையைத்தான் கத்தியாகவும் அரிவாளாகவும் அடிக்கிறார்கள். அந்த எஃகு துருவேறாத வகையைச் சேர்ந்ததன்று. ஈரத்தோடு விட்டுவிட்டால் சற்று நேரத்திலேயே செம்மஞ்சள் புள்ளிகள் தோன்றிவிடும்.

இனி மெருகு. ஒரு பரப்பு கண்ணாடிபோல் உருவத்தைக் காட்ட வேண்டுமானால் அதில் உள்ள கீறல்களின் ஆழம் ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 220ஆம் எண் உப்புத்தாளில் உள்ள தேய்க்கும் மணிகள் ஏறத்தாழ 68 மைக்ரான், 400இல் 35, 1000இல் 18, 2000இல் 10 மைக்ரான் அளவு கொண்டவை. ஆகவே ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் விட்டுச்சென்ற கீறல்களை முழுவதும் நீக்கி, அவற்றைவிட மெல்லிய கீறல்களை விட்டுச்செல்ல வேண்டும். தாள்கள் முடிந்த இடத்தில் மெருகுப் பசை தொடங்குகிறது. இடையில் ஓர் எண்ணைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் நேரம் மிச்சமாவதில்லை. விடுபட்ட வேலை முழுவதும் அடுத்த மெல்லிய தாளின் தலையில் விழும், அதுவோ அந்த ஆழத்தை எட்டாது.

ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கொடுக்கும் கறுப்புத் தாளே போதும்; 1500, 2000 ஆகியவை கார் பெயிண்ட் விற்கும் கடைகளில் கிடைக்கும். தாளை விரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள். விரல் மென்மையானது என்பதால் பரப்பு மேடும் பள்ளமுமாகி, மெருகு வந்த பிறகு அதில் தெரியும் உருவம் நெளியும். விறைப்பான சிறு மரக்கட்டை ஒன்றில் தாளைச் சுற்றி, ஒரு துளி சோப்பு கலந்த நீரைத் தெளித்துத் தேய்க்க வேண்டும். 220ஆம் எண் தாளை அலகின் நீளவாக்கில் ஓட்டினால், 400ஐச் சாய்வாக, முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். 600இல் மீண்டும் நீளவாக்கு. இப்படித் திசையை மாற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. ட்யூப் லைட்டின் கீழே அலகை மெல்லச் சாய்த்துப் பாருங்கள்: புதிய கீறல்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து வெள்ளியாய் மின்னும், அவற்றுக்குக் குறுக்கே ஒரே ஒரு கோடு மட்டும் கறுப்பாக நின்றால் அது முந்தைய தாளின் மிச்சம். அந்தக் கோடு இருக்கும்வரை அடுத்த எண்ணைத் தொடவே கூடாது. வாயிலிருந்து முதுகை நோக்கித் தாளைத் திருப்பி இழுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். டேப் கிழிந்திருந்தால் தாளும் விரலும் சேர்ந்து கத்தியின் வாய்க்குள் போகும் திசை அதுதான்.

மொத்த உழைப்பில் பெரும்பகுதி 220, 400 ஆகிய இரண்டு தாள்களிலேயே செலவாகும். மெருகு வரவில்லை என்று 2000ஆம் எண் தாளை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அலகில் நிற்கும் கீறல் எப்போதும் 220இல் விட்டதாகவே இருக்கும். ஒவ்வொரு தாள் முடிந்ததும் அலகு, பலகை, மரக்கட்டை, கை எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். 400இன் ஒரு மணி 1500இன் அடியில் மாட்டிக்கொண்டால், ஒரே இழுப்பில் அலகின் குறுக்கே நீண்ட கோடு விழுந்து, மூன்று தாள்கள் பின்னால் போக வேண்டியிருக்கும்.

2000 முடிந்ததும் அலகு மங்கலாகத்தான் பளபளக்கும். அதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். தட்டையான மரக்கட்டையில் ஒட்டிய தோலில் 3 மைக்ரான் வைரப் பசை, பிறகு வேறொரு தோலில் 1 மைக்ரான், கடைசியாகப் பச்சை நிற பஃபிங் சோப்பு என்று போனால், புகைமூட்டம் போன்ற அந்த மங்கல் நீங்கி அலகு தெளிந்துவிடும். பச்சை சோப்பில் இருப்பது குரோமியம் ஆக்சைடு. அதன் மணிகள் ஏறத்தாழ அரை மைக்ரான். ஒவ்வொரு பசைக்கும் தனித் தோல் வேண்டும். வேலை முடிந்ததா என்று அறிய, செய்தித்தாள் ஒன்றை அலகுக்கு எதிரே பிடியுங்கள். சிறிய எழுத்துகளும் நெளியாமல் தெரிந்தால் முடிந்தது.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கத்தி செய்யும் பட்டறைகளில் எல்லோரும் அஞ்சும் இயந்திரம் பஃபிங் சக்கரம்தான்; அந்த அச்சத்தில் மிகை எதுவும் இல்லை. 8 அங்குலத் துணிச்சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. மென்மையான துணி என்று நினைக்கிறோம். ஆனால் கத்தியின் வாயோ முனையோ அதில் சிக்கிய கணத்திலேயே கத்தியைப் பறித்து, தரைக்கோ தொடைக்கோ வயிற்றுக்கோ எறிந்துவிடும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. அனுபவம் உள்ளவர்கள்கூட வாய் எப்போதும் சக்கரம் ஓடிச்செல்லும் திசையிலேயே இருக்குமாறு, சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே மட்டும் அலகைத் தொடவிடுகிறார்கள்; சக்கரத்தை எதிர்த்து வாய் நிற்கும் நிலை ஒரு கணம்கூட வரக் கூடாது. அலகை அதைவிட அகலமான மரப்பட்டையோடு சேர்த்துக் கட்டி, வாய்க்குப் பின்னால் மரம் இருக்கும்படி பிடிப்பது இன்னும் நல்லது. கையுறை அணியக் கூடாது. சுழலும் எதுவும் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, கட்டாத முடி இவற்றோடு அந்தச் சக்கரத்தின் அருகிலேயே போகக் கூடாது. ஒரே ஒரு சமையல் கத்திக்காக இந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சுத் தட்டை மாட்டிச் செய்யும் முறை இதைவிட மோசமானது. அதன் சுற்றுவேகம் பல மடங்கு அதிகம், அதைக் கையில் வேறு பிடித்திருக்க வேண்டும்.

இயந்திரத்தால் வரும் இன்னொரு கேடு சூடு. கத்தியை நீரிலோ எண்ணெயிலோ தோய்த்துக் கடினமாக்கிய பிறகு, நொறுங்காமலிருக்க மீண்டும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். பதப்படுத்திய வெப்பத்தைத் தாண்டி மீண்டும் காய்ந்தால் எஃகு மென்மையாகிவிடும். முதலில் காய்வது மெல்லிய வாய்தான். வைக்கோல் நிறம், பிறகு ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம் என்று நிறம் ஏறும். நீலம் தோன்றிய இடம் அதன்பின் கூர்மையைத் தாங்காது. தண்ணீரில் முக்குவதால் சூடு தணியுமே தவிர இழந்த பதம் திரும்பாது. ஈரத் தாளால் கையால் தேய்க்கும்போது இந்தப் பிரச்சினையே எழுவதில்லை.

ஈரமாகத் தேய்ப்பதால் தூசியும் பறக்காது. உலர்வாகத் தேய்த்தே ஆக வேண்டுமென்றால் என்95 முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். துருவேறா எஃகின் தூளில் குரோமியமும் சில வகைகளில் நிக்கலும் இருக்கும். அது நுரையீரலுக்குள் போகக் கூடாது. ஈரச்சேறு அடுப்படித் தொட்டியில் வேண்டாம். தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள்.

எல்லா எஃகும் ஒரே மாதிரி மெருகை ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் பட்டை எஃகும் 420 வகைத் துருவேறா எஃகும் அழகாக மெருகேறும். டி2 எனப்படும் கருவி எஃகில் பெரிய குரோமியம் கார்பைடு துகள்கள் சுற்றியுள்ள இரும்பைவிடக் கடினமாக நிற்பதால், எவ்வளவு தேய்த்தாலும் பரப்பில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு தங்கிவிடும். அதில் மென்மையான மங்கல் மெருகோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாட்டன் காலத்துப் பழங்கத்தி என்றால் அதில் கை வைக்கவே வேண்டாம். பழம்பொருளின் மதிப்பு அதன் கறுத்த மேற்பரப்பிலும் இருக்கிறது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். காபித்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். மருத்துவர் அதைக் கழுவி எடுப்பதற்குள் காயம் இன்னும் கிளறப்படும். விரல் மடங்காவிட்டாலோ, மரத்துப்போனாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

மெருகு முடிந்ததும் டேப்பை எடுத்துவிட்டு, வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டு அலகை இரண்டு முறை கழுவுங்கள். பசையின் எச்சம் உணவில் சேரக் கூடாது. பிறகுதான் சாணை. 1000ஆம் எண் கல்லில் கூர்மையை ஏற்றி, 3000க்கு மேற்பட்ட கல்லில் முடித்தால் போதும். அலகின் பக்கங்கள் கல்லில் உரசிவிடாதபடி முதுகைச் சற்றுத் தூக்கியே பிடியுங்கள். அன்றாடம் பயன்படுத்தும்போது பச்சை நாரும் இரும்பு நாரும் இந்த மெருகுக்கு எமன். இரண்டிலும் எஃகைக் கீறும் தன்மை உண்டு. மென்மையான ஸ்பாஞ்சால் கழுவி உடனே துடைத்து, விரல் ரேகை படிந்த இடங்களையும் துடைத்துவிடுங்கள். வியர்வையின் உப்பு ஒரே இரவில் ரேகையின் வடிவத்திலேயே துருவை எழுப்பிவிடும். சில நாள் எடுக்காமல் வைப்பதானால், உணவுக்கு உகந்த மினரல் எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். தோல் உறைக்குள் நெடுநாள் வைக்காமல், மரத் தாங்கியிலோ காற்றுப்படும் இடத்திலோ குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.